ஐஸ் பெட்டி லிஃப்டில் இறங்குமா?

குழு: தண்டையார்பேட்டை வீடு
சனிக்கிழமை

பெரியம்மா, காலை 9:14
நேற்று சாயங்காலம் பிளாக்கில் கூட்டம் நடந்தது. நம் மூன்று மாடி பிளாக்கை இடித்துவிட்டு ஒன்பது மாடி கட்டப் போகிறார்கள். வீடு 400 சதுர அடியாம். கட்டி முடிக்கும் வரை வெளியே வாடகைக்கு இருக்க, குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத் தொகை. நாளைக்கு மறுபடியும் கூடுகிறோம். ஆயா ராத்திரியில் இருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

தம்பி, 9:20
ஒன்பது மாடிக்கு ஏன் பயம்? பெரம்பூரில் தாத்தா வேலை பார்த்த மில் இடத்தில் இப்போது எவ்வளவு உயரம் நிற்கிறது!

சித்தி, 9:26
இடிக்கத்தான் வேண்டும். எங்கள் சமையலறையில் கம்பி வெளியே தெரிகிறது. 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் அப்படியே சரிந்ததை நான் மறக்கவில்லை. விரிசலைப் பார்த்து முன்னாடியே வெளியே வந்ததால் எல்லோரும் பிழைத்தார்கள்.

மும்பை மாமா, 9:41
அக்கா, எத்தனை மாடி என்பதை விடு. யார் பணத்தில் கட்டுகிறார்கள் என்று முதலில் கேள். இங்கே 1995இல் எஸ்ஆர்ஏ, அதாவது குடிசை மறுசீரமைப்புத் திட்டம், வந்தது. குடிசையில் இருந்தவர்களுக்கு பில்டர் இலவசமாக வீடு கட்டித் தர வேண்டும், இப்போது 300 சதுர அடி. அதற்குப் பதிலாகக் கூடுதலாகக் கட்டி விற்றுக்கொள்ளலாம். மும்பையில் நிலம் விற்கிற விலைக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகிறது. ஆனால் விற்கிற டவருக்கு நல்ல இடம் போய்விடும், மிச்ச இடத்தில் நம்மை நெருக்கிக் கட்டுவார்கள்.

மும்பை மாமா, 9:44
கோவண்டி, மான்கூர்ட் பக்கம் இன்னொரு வகை. ரோடு, ரயில் வேலைக்காகக் காலி செய்தவர்களைக் குடிவைத்த லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் மூன்று மீட்டர்தான். கீழ் மாடிகளில் வெயிலே விழாது. காற்றும் வெளிச்சமும் இல்லாத கீழ் மாடிகளில்தான் டிபி அதிகம் என்று டாக்டர்கள் ஆய்வு செய்து சொன்னார்கள். அதனால் வரைபடத்தில் இடைவெளி எத்தனை மீட்டர் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதே.

நான், 9:52
நம் இடம் வாரியத்தின் (முன்பு குடிசை மாற்று வாரியம்) இடம், கட்டுவது பெரும்பாலும் அரசுப் பணம். இங்கே விற்கிற டவர் கிடையாது மாமா. அதனால் நம்மைப் பின்னால் ஒதுக்க ஒரு காரணமும் இல்லை, அது நல்லது. எனக்குக் கவலை, கட்டிய பிறகு லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மாதாமாதம் யார் பணம் போடுவது என்பதுதான்.

மும்பை மாமா, 10:03
சரியான கேள்வி. இங்கே பில்டர் ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று டெபாசிட் கட்டுவார், வட்டியில் பராமரிப்பு நடக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் லிஃப்டின் கரண்ட் பில்லுக்கே அது போதவில்லை. போன மழையில் லிஃப்ட் ஆறு நாள் நின்றது. நாங்கள் பதினான்காவது மாடி. உங்கள் அத்தை மூட்டுவலியோடு ஆறு நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

பெரியம்மா, 10:30
இதையெல்லாம் ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆயா சொன்னதை அப்படியே போடுகிறேன்: "எனக்கு உசரம் பயமில்லை. நான் போய்விட்டால் என்னை எங்கே போடுவீர்கள்? உங்கள் தாத்தாவை பிளாக் வாசலில் போட்டோம். பந்தல் போட்டு, மேளம் வைத்து, தெருவே வந்து உட்கார்ந்தது. மேலே இருந்து ஐஸ் பெட்டி எப்படி இறங்கும்?"

சிங்கப்பூர் அக்கா, மதியம் 12:05
இப்போதுதான் பார்த்தேன். ஆயா, இங்கே அதை யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் அளவுக்கு எச்டிபி என்கிற அரசு வீட்டு வாரியத்தின் அடுக்குமாடியில்தான் இருக்கிறோம். நிறைய பிளாக்குகளில் தரைத்தளத்தில் வீடு கிடையாது. தூண்கள் மட்டும் நிற்க, இடம் திறந்தே கிடக்கும். வாய்ட் டெக் என்பார்கள். மலாய்க்காரர் கல்யாணம், சீனர் சாவு, எல்லாம் அங்கேதான். அனுமதி வாங்கினால் போதும். எங்கள் பிளாக்கில் ஒரு சீனப் பாட்டி இறந்தபோது மூன்று நாள் கீழேதான் வைத்திருந்தார்கள். வேலை முடிந்து வரும்போதெல்லாம் நானும் போய் உட்கார்ந்தேன். ஆயா, உன் ஞாபகம்தான் வந்தது.

சிங்கப்பூர் அக்கா, 12:11
இங்கேயும் முதலில் எல்லாம் சரியாக இல்லை. பழைய பிளாக்குகளில் லிஃப்ட் சில மாடிகளில் மட்டும் நிற்கும், மிச்சத்துக்குப் படி ஏற வேண்டும். 2001க்குப் பிறகுதான் மாடிக்கு மாடி நிற்கும்படி மாற்றத் தொடங்கினார்கள். மாதக் கட்டணத்தில் ஒரு பங்கை, பின்னால் லிஃப்ட் மாற்றுவது போன்ற பெரிய செலவுக்கென்று தனி நிதியில் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அப்புறம், வாங்கின வீடும் 99 வருடக் குத்தகைதான். அங்கே பத்திரம் யார் பெயரில் தருவார்கள் என்று கேளுங்கள் அம்மா.

தம்பி, 12:20
கூட்டத்தில் காட்டிய வரைபடத்தை ஃபோட்டோ எடுத்தேன். கீழே முழுவதும் பைக் நிறுத்த ஸ்டில்ட்தான், அதாவது தூண்கள் மட்டும் நிற்கிற தரைத்தளம்தான், போட்டிருக்கிறது.

சித்தி, 12:24
பெரியம்மாவின் இட்லிக் கடை எங்கே போகும்? காலை ஐந்து மணிக்கு காசிமேடு போகிறவர்கள் எல்லோரும் அங்கேதானே சாப்பிடுகிறார்கள்.

மும்பை மாமா, 12:31
எஸ்ஆர்ஏவில் இத்தனை குடும்பத்துக்கு என்று பால்வாடி, நலக் கூடம், சங்க அலுவலகம் எல்லாம் விதியிலேயே இருக்கிறது. அதைப்போல எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள்.

நான், மாலை 6:48
மனு எழுதிவிட்டேன். ஸ்டில்ட்டில் ஒரு பக்கம் வண்டி நிற்காத திறந்த இடம். இட்லிக் கடைக்கும் மற்ற சின்னக் கடைகளுக்கும் தெருப் பக்கம் இடம். இரண்டு பிளாக்குக்கு நடுவே எத்தனை மீட்டர் என்பது எழுத்தில். பராமரிப்புப் பணம் யார், எவ்வளவு. பத்திரம். 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரக் கட்டடம் என்று விதி மாறுகிறது, அதனால் தீயணைப்புச் சான்று பற்றியும் சேர்த்தேன். ஸ்ட்ரெச்சர் படுக்கையாகப் போகும் அளவுக்கு ஒரு லிஃப்ட்.

பெரியம்மா, 6:55
ஸ்ட்ரெச்சர் என்றால் எத்தனை அடி? அளவு போடாவிட்டால் சின்ன லிஃப்டாக வைத்துவிடுவார்கள்.

நான், 7:30
மார்க்கெட் பக்கம் ஐஸ் பெட்டி வாடகைக்குத் தருகிறவரிடம் போய் டேப் வைத்து அளந்தேன். ஏழு அடிக்குக் கொஞ்சம் குறைவு. மனுவில் ஏழு அடி என்றே போட்டுவிட்டேன்.

பெரியம்மா, 7:42
ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இட்லி சாப்பிட்டாள். முதல் கையெழுத்து தன்னுடையதாக இருக்க வேண்டுமாம். மனுவை எடுத்துக்கொண்டு காலையில் சீக்கிரம் வா.