பொருள்: ரைபிள் குழலின் ‘ட்விஸ்ட் ரேட்’ – சுழல்வீதமா, புரியிடையா?

குழுவினருக்கு வணக்கம்.

கயோட்டி (ஓநாயைப் போன்ற வட அமெரிக்க விலங்கு), நரி போன்ற ஊனுண்ணிகளை வேட்டையாட ரைபிள் தேர்ந்தெடுப்பது பற்றிய கையேட்டுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. தோட்டா, குண்டு, குழல், குழல்வாய், விசை ஆகியவற்றில் சிக்கல் இல்லை. ‘ட்விஸ்ட் ரேட்’ மட்டும் பாக்கி. குழலின் உட்சுவரில் திருகுபோல ஓடும் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழற்றி அனுப்புகின்றன. 1:8 என்று குழலில் பொறித்திருந்தால், அந்தப் பள்ளம் 8 அங்குலத்தில் ஒரு முழுச்சுற்று சுற்றுகிறது என்று பொருள். ‘சுழல்வீதம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

----

> ‘சுழல்வீதம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. வீதம் என்றால் எண் ஏற ஏறச் சுழற்சியும் ஏறும் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே நேர்மாறு. 14 அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றும் பள்ளமுள்ள குழலைவிட (சுருக்கமாக 14 அங்குலக் குழல்; குழலின் நீளமல்ல) 7 அங்குலக் குழல் இரண்டு மடங்கு சுழற்றும். கடையில் நின்று குழலைத் தேர்ந்தெடுப்பவரை இந்தச் சொல்லே தவறான பக்கம் தள்ளிவிடும்.

தவிர, சுழல்வீதம் வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. விநாடிக்கு 3,200 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு, 12 அங்குலக் குழலிலிருந்து வந்தால் நிமிடத்துக்கு 1,92,000 முறை சுழலும். 8 அங்குலக் குழலென்றால் 2,88,000 முறை. மெல்லிய உறை போட்ட 40 கிரெய்ன் (குண்டின் எடை அலகு; 40 கிரெய்ன் சுமார் 2.6 கிராம்) குண்டுகள் சில, 7 அங்குலக் குழலில் இந்தச் சுழற்சியைத் தாங்காமல் வழியிலேயே சிதறும். சாம்பல் கோடு ஒன்று தெரியும், இலக்கு அட்டையில் துளையே இருக்காது. அதை விளக்கும் இடத்தில் சுழல்வீதம் என்ற சொல்லைப் பயன்படுத்துவோம்.

குழலின் அளவுக்குப் ‘புரியிடை’ பொருந்தும். பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்தவர்களுக்குப் புரியிடைத் தூரம் தெரியும்: தலைக்கோல் ஒரு முழுச்சுற்று சுற்றும்போது திருகு நகரும் தூரம். இங்கே அளப்பதும் அதுவேதான். ‘8 அங்குலப் புரியிடை’ என்றால் விளக்கமே வேண்டியதில்லை.

----

புரியிடைக்கு என் ஆதரவு. ஆனால் குண்டின் எடையைச் சொல்லி இதை விளக்காதீர்கள். கடைக்காரர் எடையைச் சொல்வார். புரியிடையைத் தீர்மானிப்பது நீளம்.

1879இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிரீன்ஹில் புரியிடைக்குத் தந்த சூத்திரம் இன்றும் கைக்கணக்குக்கு உதவும். விட்டத்தின் இருமடியை 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். வேகம் 2,800 அடியைத் தாண்டினால் 150க்குப் பதில் 180. அளவுகள் எல்லாம் அங்குலத்தில். விட்டம் 0.224, நீளம் 0.74 உள்ள ஈயக்குண்டு வேகமாகப் போனால் 12 அங்குலப் புரியிடை போதும். சுமார் ஓர் அங்குல நீளமுள்ள 75 கிரெய்ன் குண்டை .223 ரெமிங்டன் என்ற தோட்டா வகையில் 2,750 அடி வேகத்தில் விட்டால் 7.5 வருகிறது. சூத்திரம் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். நடைமுறையில் 8 அங்குலம் போதுமானது.

கலிபோர்னியாவில் இது ஏட்டுக்கணக்கோடு நிற்பதில்லை. 2019 ஜூலை 1 முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளும். அடர்த்திக் குறைவுக்காகச் சூத்திரத்தின் விடையிலும் பத்தில் ஒரு பங்கு கழிக்க வேண்டும். 0.9 அங்குலச் செப்புக்குண்டுக்கு 180ஐ வைத்துக் கணக்கிட்டால் 10, கழித்தால் 9. .22-250 என்ற தோட்டா வகைக்கான பழைய ரைபிள்களில் புரியிடை பெரும்பாலும் 14 அங்குலம். 55 கிரெய்ன் ஈயக்குண்டை அழகாகச் சுடும் அந்தக் குழல், அதே எடைச் செப்புக்குண்டைத் தள்ளாட விடும். அட்டையில் வட்டத் துளைக்குப் பதில் பக்கவாட்டில் நீண்ட துளை விழும். கயோட்டியின் நெஞ்சில் உயிர்நிலை ஒரு சாண் அகலம்கூட இல்லை. தள்ளாடும் குண்டு அதைக் காயத்தோடு ஓடவிடும். அதுதான் பெரிய கொடுமை.

இன்னொன்று: குளிர்ந்த காற்று அடர்த்தியானது. குண்டை நிலையாக வைக்க அதிகச் சுழற்சி கேட்கும். கயோட்டித் தோல் நன்றாக இருப்பதும் குளிர்காலத்தில்தான். கோடையில் விளிம்பில் நின்று சரியாகச் சுட்ட புரியிடை, உறைபனி விடியலில் கைவிடலாம். ஆகவே புதிதாக வாங்குபவருக்கு .223, 8 அங்குலப் புரியிடை என்று கையேட்டில் துணிந்து எழுதுங்கள். அதைவிடப் பெரிய தோட்டாவான .243 வின்செஸ்டரின் குண்டு காற்றில் குறைவாக விலகும். ஆனால் தோலை விற்க நினைப்பவருக்கு அது ஆகாது; வெளியேறும் துளை பெரிது.

----

பழைய ரைபிளில் பொறிப்பு இல்லாவிட்டால் புரியிடையை அளக்கும் முறையையும் சேர்க்கலாம். முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்து, போல்ட்டை (குழலின் பின்புறத்தை அடைக்கும் பாகம்) கழற்றிவிட வேண்டும். கைப்பிடி தடையின்றிச் சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமான துணியை மாட்டி, குழலுக்குள் சிறிது தூரம் தள்ளவும். குழலின் விளிம்பை ஒட்டிக் கம்பியில் ஒரு கோடு, கம்பியின் மேற்பக்கத்தில் ஒரு சிறு ஒட்டுநாடா. நாடா ஒரு சுற்று சுற்றி மறுபடி மேலே வரும்வரை தள்ளி இரண்டாவது கோடு. இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரமே புரியிடை. குழல் குட்டையாக இருந்தால் அரைச்சுற்றை அளந்து இரட்டிக்கலாம். துணி தளர்ந்திருந்தால் பள்ளத்தைப் பற்றாமல் வழுக்கி, உண்மையைவிடப் பெரிய எண் வரும். அதனால் மூன்று முறை அளப்பது நல்லது.

திருகின் திசைக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். பின்னாலிருந்து குழல்வாயை நோக்கிப் பார்க்கும்போது கடிகார முள்ளின் திசையில் ஓடினால் வலம்புரி, எதிர்த்து ஓடினால் இடம்புரி. இன்று கடைகளில் கிடைக்கும் வேட்டை ரைபிள்கள் பெரும்பாலும் வலம்புரி. பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய லீ-என்ஃபீல்ட் ரைபிள் இடம்புரி.

‘ஃபாஸ்ட் ட்விஸ்ட்’, ‘ஸ்லோ ட்விஸ்ட்’ இரண்டுக்கும் நெருங்குபுரி, அகல்புரி என்று முன்மொழிகிறேன். மறுப்பு இருந்தால் பட்டியல் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.