கிளிப் போடாத ஹெல்மெட் சட்டப்படி ஹெல்மெட்டே இல்லை

ஹெல்மெட் போடச் சொன்னால் "என் தலை, என் உயிர், இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்களை நம்மில் பலர் அன்றாடம் சந்திக்கிறோம். பக்கத்துத் தெருவுக்குத்தானே, வெயில் தாங்கவில்லை, முடி கொட்டுகிறது, காது கேட்கவில்லை என்று காரணங்கள் வரிசையாக வரும். கடையில், நீதிமன்றத்தில், சாலைச் சோதனையில், அவசரப் பிரிவில் இவர்களை எதிர்கொள்பவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். வருபவர் என்ன சொல்கிறார், அதற்குப் பதில் என்ன, எது எங்கே தவறுகிறது என்பதை மட்டும் விவரமாகச் சொன்னால் போதும் என்று கேட்டிருந்தோம். வந்த பதில்கள் இவை.

ஹெல்மெட் கடை, திருச்சி

வாங்க வருபவர் முதலில் கேட்பது நிறம், அடுத்து விலை. தலைக்கு அளவு என்று ஒன்று உண்டு என்பதையே பலர் யோசிப்பதில்லை. ஒன்றை எடுத்து மாட்டுவார்கள், வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் "இது சரியா இருக்கு" என்பார்கள். அப்படிச் சுலபமாகப் போனாலே அது பெரிய சைஸ். புது ஹெல்மெட் இரண்டு கன்னத்தையும் கொஞ்சம் அமுக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் சில வாரங்களில் படிந்து தளர்ந்துவிடும் என்பதால் முதல் நாளே சௌகரியமாக இருப்பது ஆறாவது மாதம் ஆடும்.

தையல் டேப் ஒன்று போதும். புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே வைத்து, காதுகளுக்கு மேலாக, பின்மண்டையில் அதிகம் புடைத்திருக்கும் இடம் வழியாகச் சுற்றுங்கள். 56 செ.மீ. வந்தால் எஸ், 58 எம், 60 எல், 62 எக்ஸ்.எல். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் 580 மி.மீ. என்று அச்சடித்திருந்தால் அது 58. அளவு 59 என்று நடுவில் வந்தால் சின்னதை முதலில் போட்டுப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அச்சு மாறும், போடாமல் வாங்கக் கூடாது.

போட்ட பிறகு பார்க்க வேண்டியவை: ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். தோல் நிற்க ஹெல்மெட் மட்டும் சுற்றினால் பெரிது. அடுத்து, கிளிப்பைப் போட்டுத் தலையைக் குனிந்து, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தூக்கிப் பாருங்கள். கழன்று கண்ணுக்கு மேல் வந்துவிட்டால் வேண்டாம். பெரும்பாலானோர் தோற்பது இந்தச் சோதனையில்தான். விழும்போதும் இப்படித்தான் கழன்று ஓடுகிறது. கடைசியாகப் பத்து நிமிடம் தலையிலேயே இருக்கட்டும். நெற்றியில் ஒரே புள்ளியில் வலித்துச் சிவந்தால் சைஸைக் குற்றம் சொல்லாதீர்கள், அந்த மாடலின் வடிவம் அந்தத் தலைக்குப் பொருந்தவில்லை. வேறு மாடல் எடுங்கள்.

போலிகளைப் பற்றி. ஐ.எஸ்.ஐ. முத்திரை ஸ்டிக்கரைப் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். முத்திரையின் தலையில் பைக் ஹெல்மெட்டுக்கான தர எண் ஐ.எஸ். 4151 என்றும் அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்தத் தர முத்திரையைத் தரும் அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த கம்பெனி, உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஆனாலும் சாலையோரத்தில் குவித்து வைத்திருக்கிறார்கள். உள்துணியை விலக்கிப் பாருங்கள். கெட்டியான தெர்மோகோல் வரிசை தலையைச் சுற்றி முழுக்க இருக்க வேண்டும். மலிவானதில் மெல்லிய ஸ்பாஞ்ச் மட்டும் இருக்கும், அதன் பின்னால் நேராக பிளாஸ்டிக். கட்டட வேலைக்கான மஞ்சள் தொப்பி ஐ.எஸ். 2925. மேலிருந்து விழும் பொருளுக்காகச் செய்தது அது, பைக்குக்கு உதவாது. கிரிக்கெட் ஹெல்மெட்டும் சைக்கிள் ஹெல்மெட்டும் அப்படியே.

நல்ல ஹெல்மெட்டைக் கெடுப்பது பெரும்பாலும் நிறுத்துமிடத்தில் நடக்கிறது. சைடு மிரரில் மாட்டினால் மிரர் தண்டு தெர்மோகோலில் பள்ளம் போடும். பெட்ரோல் துணியால் துடைத்தால் ஓடு உடையும் தன்மைக்கு வரும், தெர்மோகோல் கரையும். தின்னர் கலந்த பெயின்ட் அடிப்பதும் இதே கதைதான். கழற்றும் துணியை ஷாம்பு போட்ட தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். ஒரு முறை பலமாக அடிபட்டுவிட்டால் வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றுங்கள். அமுங்கிய தெர்மோகோல் மறுபடி எழும்பாது.

இயற்பியல் ஆசிரியர், ஈரோடு

"டீக்கடைக்குத்தானே, 20ல்தான் போறேன்" என்பவருக்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. பைக்கில் உட்கார்ந்தவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் அந்த உயரத்திலிருந்து சாயும் தலை நொடிக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 19-20 கி.மீ. வேகத்தில் தரையில் மோதும். பைக் 30ல் போனாலும் 60ல் போனாலும் சறுக்கும் தூரம்தான் மாறுகிறது, கீழ்நோக்கி விழும் வேகம் அதேதான். (சுவரிலோ கல்லிலோ லாரியிலோ போய் மோதினால் கணக்கு வேறு, அங்கே வண்டியின் வேகமும் சேர்ந்துகொள்ளும்.)

இனி நிற்கும் தூரத்தைப் பாருங்கள். ஹெல்மெட் இல்லாத தலை தரையில் பட்டு நிற்க, தோலும் சதையும் சேர்த்து மூன்று மி.மீ. கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டரை மூன்று மி.மீ.ஆல் வகுத்தால் 500. புவியீர்ப்பைப் போல 500 மடங்கு அதிர்ச்சி. உள்ளே மூன்று செ.மீ. தெர்மோகோல் அமுங்கினால் 50 மடங்கு. இது எளிமைப்படுத்திய கணக்குதான், தெர்மோகோல் முழுக்க அமுங்குவதில்லை, ஓடும் சேர்ந்து பரப்புகிறது. ஆனால் பத்து மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது இதில் தெரியும். மலிவு ஹெல்மெட்டின் ஸ்பாஞ்ச் ஏன் உதவாது என்பதும் இதிலேயே இருக்கிறது: விரலால் அமுக்கினாலே அது அமுங்கிவிடுகிறது, அடி விழும்போது அமுங்குவதற்கு மிச்சம் இல்லை.

ஹெல்மெட் போட்டு விழுந்தால் அதன் எடையால் கழுத்து முறியும் என்ற பயத்துக்கும் பழைய பதில் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து ஆய்வாளர் ஹாரி ஹர்ட் குழு 1981இல் வெளியிட்ட அறிக்கை, ஹெல்மெட் போட்டவர்களுக்குக் கழுத்துக் காயம் கூடுவதாகக் காட்டவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு ஹெல்மெட் தலைக்காய ஆபத்தைச் சுமார் 69 சதவீதமும் இறப்பு ஆபத்தைச் சுமார் 42 சதவீதமும் குறைக்கிறது என்று கணித்தது. நூறு சதவீதம் என்று யாரும் சொல்லவில்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வழக்கறிஞர், மதுரை

சுதந்திரம் பற்றிய கேள்வி புதிதல்ல. ஆந்திராவில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிய விதியை எதிர்த்து, நடமாடும் சுதந்திரத்தைத் தரும் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவுக்கு இது விரோதம் என்று வாதாடி உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1988இல் அஜய் கானு வழக்கில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எங்கே போகலாம் என்பதில் விதி கை வைக்கவில்லை, போகும்போது தலையைக் காக்கச் சொல்கிறது, அவ்வளவே.

அமெரிக்காவில் இதே வாதம் வேறு திசையில் போனது. மத்திய அரசு நெடுஞ்சாலை நிதியோடு முடிச்சுப் போட்டதால் 1975க்குள் 47 மாநிலங்கள் ஹெல்மெட் சட்டம் கொண்டுவந்தன. 1976இல் நாடாளுமன்றம் அந்த முடிச்சை அவிழ்த்ததும் பல மாநிலங்கள் சட்டத்தைத் தளர்த்தின. மிச்சிகன் 2012இல் தளர்த்தியபோது 21 வயது ஆகியிருக்க வேண்டும், 20,000 டாலர் மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். "என் தலை, என் இஷ்டம்" என்பதை ஒப்புக்கொண்ட மாநிலமே, உடைந்த தலைக்கான செலவு பிறர் தலையில் விழும் என்பதையும் ஒப்புக்கொண்டுவிட்டது. நம் ஊரில் அந்தச் செலவு அரசு மருத்துவமனையிலும் வீட்டுப் பெண்களின் கழுத்திலும் விழுகிறது.

சட்டத்தின் வாசகம் இது: மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும், பின்னால் இருப்பவரும் சேர்த்து, பொது இடத்தில் தரமான ஹெல்மெட் அணிய வேண்டும் என்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்கு உண்டு. ஹெல்மெட் என்றால் என்ன என்பதற்கு விளக்கமும் அதே பிரிவில் இருக்கிறது: அதில் உள்ள பட்டையால் தலையோடு உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே கிளிப் போடாமல் கவிழ்த்து வைத்திருப்பவர், கைப்பிடியில் தொங்கவிட்டவர் இருவரும் ஒன்றே. 194-டி பிரிவின்படி அபராதம் 1,000 ரூபாய், அதோடு மூன்று மாதம் உரிமம் இழக்கவும் இடமுண்டு. தமிழ்நாட்டில் அந்த ஆயிரம் ரூபாய் நடைமுறைக்கு வந்தது 2022 அக்டோபரில், அதுவரை 100 ரூபாய்தான்.

புது வண்டி எடுக்கும்போது ஹெல்மெட் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. ஷோரூமில் கேட்டு வாங்குங்கள், பலர் கேட்பதே இல்லை.

ஓய்வு பெற்ற போக்குவரத்துக் காவலர், தஞ்சாவூர்

வழக்கறிஞர் சார் சொன்னதை முழுக்க ஏற்கிறேன், ஆனால் மக்களின் கோபத்தில் ஒரு பாதி நியாயம். அந்தக் கோபம் ஹெல்மெட் மேல் இல்லை, பிடிக்கும் முறை மேல். 2018 மார்ச்சில் திருச்சி பக்கம் திருவெறும்பூர் அருகே நிற்காமல் போன பைக்கை விரட்டி உதைத்ததாக ஓர் இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார், பின்னால் இருந்த பெண் இறந்துபோனார். தலையைக் காக்க வந்த சட்டத்தால் ஓர் உயிர் போனால் அதற்கு என்ன பதில் சொல்வது?

சோதனை செய்யும் தம்பிகளுக்கு: வளைவிலும் பாலத்து இறக்கத்திலும் நிற்காதீர்கள், ஓட்டுபவருக்குத் தூரத்திலேயே தெரியும் நேரான சாலையில் நில்லுங்கள். நிற்காமல் போனால் எண்ணைக் குறித்து இ-சலான் அனுப்புங்கள். குறுக்கே பாய்வது, கையைப் பிடித்து இழுப்பது, சாவியைப் பிடுங்குவது கூடவே கூடாது.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, கோவை

பின்னால் உட்காரும் பெண்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் முடி. கொண்டை போட்டால் ஹெல்மெட் பின்னால் அமராது, நெற்றி திறந்துகொள்ளும். பின்னலைக் கழுத்துக்குக் கீழே இறக்கிப் போடுங்கள். பூவை இறங்கும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜிமிக்கி கன்னப் பஞ்சில் மாட்டிக் காதைக் கிழிக்கும், கழற்றிப் பையில் வையுங்கள்.

வெயிலுக்கு வெளிர் நிறமும் காற்றுத் துவாரமும் உள்ளதைப் பாருங்கள். உள்ளே மெல்லிய பருத்திக் குல்லா போடலாம், துண்டை மடித்துக் கட்டினால் பொருத்தம் போய்விடும். வழுக்கைக்கு ஹெல்மெட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம், துவைக்காத உள்துணியைச் சொல்லலாம். பக்கவாட்டில் தெரியவில்லை என்பவர்களுக்கு: ஐரோப்பிய இ.சி.இ. தரம் இரு பக்கமும் 105 டிகிரி பார்வை கேட்கிறது. கறுப்பு வைசரை (முகத்தை மறைக்கும் கண்ணாடி) இரவில் போட்டுவிட்டு "ஹெல்மெட் போட்டா தெரியலை" என்பார்கள். அதற்கு வெள்ளைக் கண்ணாடி மாற்றினால் முடிந்தது. மழையில் ஆவி படிந்தால் வைசரை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில்தான் மனம் பதறுகிறது. ஸ்கூட்டரின் முன்பலகையில் நிற்கும் குழந்தை, பிரேக் பிடித்த கணத்தில் ஹேண்டில்பாரில் முகத்தை மோதும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது என்று 2022இல் அறிவித்த மத்திய விதி 2023 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது. பட்டை 30 கிலோ தாங்கும்படி இருக்க வேண்டும். குழந்தைக்கு ஜாக்கெட் போல மாட்டி, அதன் வார்களை ஓட்டுபவர் தோளில் போட்டு இறுக்குங்கள். பெரியவர் ஹெல்மெட்டைக் குழந்தைக்குக் கவிழ்க்காதீர்கள், அந்த எடை கழுத்தை இழுக்கும். ஒன்பது மாதம் நிறையாத கைக்குழந்தையோடு போக வேண்டுமானால் ஆட்டோ, பஸ்.

அவசரப் பிரிவுச் செவிலியர், சேலம்

விபத்து நடந்த இடத்தில் கூடுபவர்கள் செய்யும் முதல் காரியம் ஹெல்மெட்டைப் பிடித்து இழுப்பது. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பு கை கால்களை முடக்கலாம். மூச்சு சீராக இருந்து பேசுகிறார் என்றால் ஹெல்மெட் தலையிலேயே இருக்கட்டும். வைசரை மட்டும் திறந்து, 108ஐக் கூப்பிட்டு, தலையை அசையாமல் பிடித்திருங்கள்.

மூச்சு இல்லை, அல்லது வாந்தியும் ரத்தமும் அடைக்கிறது என்றால்தான் கழற்ற வேண்டும், அதற்கு இரண்டு பேர் தேவை. முதல் ஆள் தலைமாட்டில் மண்டியிட்டு ஹெல்மெட்டின் இரு பக்கமும் பிடித்துக் கழுத்தை நேராக வைத்திருக்கட்டும். மற்றவர் மூக்குக் கண்ணாடி இருந்தால் எடுத்துவிட்டு, கிளிப்பைத் திறந்து, அல்லது பட்டையை வெட்டி, ஒரு கையால் தாடையையும் இன்னொரு கையால் பின்கழுத்து, பின்மண்டையையும் தாங்கட்டும். இப்போது முதல் ஆள் ஹெல்மெட்டின் பக்கங்களை வெளிப்புறமாக விரித்து, முன்பகுதி மூக்கைத் தாண்டும்படி லேசாகச் சாய்த்து மெதுவாக உருவ வேண்டும். முழுக்க வெளியே வரும்வரை தாங்கிய கை நகரக் கூடாது. ஹெல்மெட் கழன்ற கணத்தில் தலை பொத்தென்று தரையில் விழுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

போலீஸ், கோர்ட்டு என்று பயந்து ஒதுங்காதீர்கள். நல்ல எண்ணத்தில் உதவியவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு காக்கிறது.

கழற்றிய ஹெல்மெட்டைச் சாலையோரம் போட்டுவிடாமல் ஆம்புலன்ஸிலேயே ஏற்றி அனுப்புங்கள். எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் அடி விழுந்த இடம் மருத்துவருக்குத் தெரியும்.