பூத்த கரும்பின் விதையிலிருந்து கன்று எடுக்க முடியுமா?

பெண்ணைக்கரை:
வணக்கம். திருக்கோவிலூர் பக்கம் கரும்பு வைத்திருக்கிறேன், ரகம் கோ 86032. பக்கத்து வயலில் வேறு ரகம், பூத்து வெள்ளை வெளேரென்று நிற்கிறது. காற்றடித்தால் பஞ்சு என் வரப்பு வரைக்கும் பறக்கிறது. அந்த விதையை எடுத்து நாற்று விடலாமா? நாம் காலம் முழுக்கக் கரணைதான், அதாவது கணுவோடு வெட்டிய கரும்புத் துண்டுதான் நடுகிறோம், அப்புறம் புது ரகம் எங்கிருந்து வருகிறது? நாணலோடு சேர்த்துத்தான் கோவையில் ரகம் எடுத்தார்கள் என்று ஆலையின் கள அலுவலர் சொன்னார். நாணலில் ஏது சர்க்கரை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்மண்காடு:
விதை முளைக்கும், ஆனால் உங்களுக்குப் பிரயோசனப்படாது. பக்கத்து வயல்காரரிடம் ஆலையில் சீக்கிரம் வெட்டுஉத்தரவு வாங்கச் சொல்லுங்கள். பூத்த கரும்பை நாள்கடத்தினால் உள்ளே நெட்டி பாய்ந்து எடை போய்விடும்.

வடவள்ளி பெரியவர்:
தம்பி, கள அலுவலர் சொன்னது உண்மைதான். நான் கோவையில் கரும்புக் கலப்புத் திடலில் களப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இதை யாராவது கேட்டால் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

முதலில் விதை. கரணை நட்டால் தாயின் அச்சு அப்படியே வரும். விதை போட்டால் ஒரே பூவின் கன்றுகளில்கூட ஒன்று தடிக்கும், ஒன்று மெலியும், ஒன்று இனிக்கவே இனிக்காது. இன்றைய கரும்பில் குரோமோசோம் நூறுக்கு மேல், ஒவ்வொரு விதையிலும் அது வேறு மாதிரி கலைந்து சேர்கிறது. விவசாயிக்கு இது தலைவலி. ஆராய்ச்சிக்காரருக்கு இதுதான் மூலதனம். ஆயிரக்கணக்கான கன்று வளர்த்து, கழித்துக் கழித்து, ஒரு ரகம் தேற பத்து வருடத்துக்கு மேல் ஆகும்.

கலப்பு வேலை ஐப்பசி, கார்த்திகையில் நடக்கும். விடியும்போது மகரந்தப் பை திறக்கும், கொஞ்ச நேரத்தில் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். அதனால் இருட்டோடு திடலில் நிற்போம். தன் மகரந்தம் தனக்கே விழக்கூடாது என்பதால் தாயாக மலட்டு மகரந்தமுள்ள ரகத்தைத்தான் வைப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு அயோடின் போதும். நல்ல மகரந்தம் கருநீலமாக மாறும், மலட்டு மகரந்தம் நிறம் ஏறாமல் வெளிறிக் கிடக்கும். நுண்ணோக்கியில் அதைப் பார்ப்பது எனக்குக் கடைசி நாள் வரை அலுக்கவில்லை.

இனி நாணல். 1912இல் கோவையில் இந்தக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கக் காரணமே, வடக்கே சரியாகப் பூக்காத கரும்பு இங்கே பூக்கிறது என்பதுதான். பார்பர் என்ற தாவரவியலாளர் தொடங்கிய வேலையை, அவருக்குப் பின் டி. எஸ். வெங்கட்ராமன் வளர்த்தார். ‘வெள்ளை’ என்ற தடித்த இனிப்புக் கரும்பைத் தாயாகவும் கோவை நாணலைத் தந்தையாகவும் வைத்து எடுத்த கோ 205, 1918இல் பஞ்சாபுக்குப் போனது. அங்கே நட்டுக்கொண்டிருந்த மெல்லிய ‘கத்தா’ கரும்பை அது விளைச்சலில் தாண்டிவிட்டது.

நாணலில் சர்க்கரை இல்லையே என்றீர்கள், சரியான கேள்வி. தடித்த கரும்புக்கு 80 குரோமோசோம், கோவை நாணலுக்கு 64. வழக்கப்படி இரண்டும் பாதிப்பாதி கொடுக்க வேண்டும். ஆனால் இந்தக் கலப்பில் தாய் 80ஐயும் முழுசாகக் கொடுத்தது, நாணல் தன் பாதியான 32ஐக் கொடுத்தது. கோ 205இல் ஆக 112. அதனால் நாணலின் முரட்டுத்தனம் வந்தும் இனிப்பு அடிபட்டுப் போகவில்லை. பிறகு பிள்ளைகளை மறுபடி இனிப்புப் பக்கமே சேர்த்துச் சேர்த்து சர்க்கரையைக் கூட்டினார்கள். 1930களில் தலைச்சேரிக்காரரான தாவரவியலாளர் ஜானகி அம்மாள் இங்கே இந்தக் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தார், கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் இந்தத் துறையில் அவ்வளவு துணிந்து வேலை செய்தார் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

பெண்ணைக்கரை:
ரொம்ப நன்றி ஐயா. என் 86032க்கும் அந்த வம்சம்தானா? பக்கத்து வயலில் செவ்வழுகல் நோய் இருக்கிறது என்கிறார்கள். அடுத்த நடவுக்குக் கரணை என் வயலிலேயே எடுக்கலாமா?

வடவள்ளி பெரியவர்:
அந்த வம்சமேதான். எண்ணில் 86 என்பது 1986. தாய் கோ 62198, தந்தை கோசி 671. இந்தத் தந்தை கடலூரில் தேர்வு செய்த ரகம், சர்க்கரை அபாரம், ஆனால் செவ்வழுகலுக்குச் சீக்கிரம் விழும்.

என் கவலையும் அங்கேதான். கரணை வழியாகப் போகிறபோது லட்சம் ஏக்கரிலும் ஒரே செடிதான் நிற்கிறது. உத்தரப் பிரதேசத்தில் கோ 0238ஐப் பெரும்பகுதி நிலத்தில் நட்டார்கள், செவ்வழுகல் பிடித்து நிறையப் பேர் ரகத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. ஒரே ரகத்தை ஊர் முழுக்க நடாதீர்கள், இரண்டு மூன்றாகப் பிரித்து வையுங்கள்.

கரணை எடுக்குமுன் சந்தேகப்பட்ட கரும்பை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டு தெரிந்து, புளித்த சாராய வாடை அடித்தால் அந்த வயலில் ஒரு கரணையும் எடுக்க வேண்டாம். தூரோடு பிடுங்கி எரியுங்கள், வெட்டிய தூரில் துளிர்க்கும் மறுதாம்பும் விடாதீர்கள். தண்ணீர் வசதி இருந்தால் அடுத்த போகம் நெல் வைத்துவிட்டு, கரணையை நோயில்லாத நாற்றங்காலில் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வயல் தண்ணீர் உங்கள் வயலுக்குள் வருகிறதா? வந்தால் அதைத் திருப்புவதுதான் முதல் வேலை.