கடலூரில் மனை வாங்க: பத்திர எழுத்தர் போதுமா, வக்கீல் வேண்டுமா?

செம்மண்டலத்தான் கேட்டது:

வணக்கம். கோண்டூர் பக்கம் 30க்கு 40, மொத்தம் 1200 சதுர அடி மனை. 20 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். விற்பவரின் அப்பா 1988ல் கிரையம் வாங்கிய இடம். அப்பா இப்போது இல்லை, அம்மா இருக்கிறார். விற்பவருக்கு இரண்டு அக்கா, ஒரு தம்பி. தம்பியும் தவறிவிட்டார், அவர் மனைவியும் 14 வயது மகனும் இருக்கிறார்கள். பட்டா விற்பவர் ஒருவர் பெயரில்தான் இருக்கிறது. 1990லிருந்து வில்லங்கச் சான்று (மனைமேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) போட்டதில் ஒன்றும் இல்லை.

"பட்டா கையில இருக்கு, வில்லங்கம் சுத்தம், பத்திர எழுத்தரே எல்லாம் பார்த்துக்குவார், வக்கீலுக்கு எதுக்குத் தண்டச் செலவு" என்கிறார் தரகர். வெள்ளிக்கிழமைக்குள் 2 லட்சம் முன்பணம் கேட்கிறார்கள். வக்கீல் வேண்டுமா? வேண்டுமென்றால் எப்படிப்பட்டவரைத் தேடுவது?

கெடிலக்கரை:

முன்பணத்தை நிறுத்தி வையுங்கள். நீங்கள் எழுதியதிலேயே மூன்று சிக்கல் தெரிகிறது.

பட்டா என்பது வருவாய்த் துறைக் கணக்கு. உரிமையைத் தருவது பத்திரமும் வாரிசு வழியும்தான். இந்துக் குடும்பம், அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அம்மா, விற்பவர், அக்காமார் இருவர், தம்பி என்று ஐந்து சம பங்கு. விற்பவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் உங்களுக்கு வருவது 1200ல் 240 சதுர அடி. அதுவும் எந்த மூலை என்று காட்ட முடியாத 240. பத்திரம் பதிவாகிவிட்டதாலேயே மீதி உங்களுடையதாகிவிடாது. வாய்வார்த்தைச் சம்மதத்துக்கு இங்கே மதிப்பே இல்லை. எல்லோரும் கிரையப் பத்திரத்தில் விற்பவர்களாகச் சேர வேண்டும், அல்லது முன்னதாகவே தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுக்க வேண்டும். பட்டா ஒருவர் பெயருக்கு எதை வைத்து மாறியது என்பதையும் கேளுங்கள். வாரிசுச் சான்றில் இத்தனை பெயர் இருக்கும்போது ஒற்றைப் பெயரில் பட்டா இருந்தால் அதற்கு ஒரு ஆவணம் இருந்தாக வேண்டும்.

அடுத்தது அந்த 14 வயதுப் பையன். இதைத்தான் தரகர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். மைனரின் பங்கை அம்மாவே காப்பாளராக இருந்து விற்பதானாலும் நீதிமன்ற முன் அனுமதி வேண்டும். இல்லாமல் வாங்கினால், பையன் 18 முடிந்து மூன்று வருடத்துக்குள், அதாவது 21 வயது வரை, அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போடலாம். இன்றிலிருந்து ஏழு வருடம் அந்த மனைமேல் கத்தி தொங்கும். அதற்குள் நீங்கள் வீடே கட்டியிருப்பீர்கள். மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்கச் சில மாதம் ஆகும். பையன் பங்குப் பணத்தை அவன் பெயரில் வங்கி வைப்பாகப் போடச் சொல்லி உத்தரவிடுவது வழக்கம். அந்தச் செலவும் காலமும் விற்பவர் பொறுப்பு என்று இப்போதே பேசிவிடுங்கள்.

அப்பா, தம்பி இருவரின் இறப்புச் சான்றிலும் தேதியைப் பாருங்கள். தம்பி முதலில் இறந்திருந்தால் அவர் பங்கு மனைவிக்கும் மகனுக்கும். அப்பாவுக்குப் பின் இறந்திருந்தால் அதில் தம்பியின் தாயாருக்கும் பங்கு சேரும். அளவு மாறும், நீதிமன்ற மனுவில் காட்ட வேண்டிய கணக்கும் மாறும்.

மூன்றாவது வில்லங்கம். 1990ல் தொடங்கினால் 1988 கிரையமே அதில் வராது! ஒன்றுமில்லை என்று வந்ததற்கு அர்த்தம் அவ்வளவுதான். 1975லிருந்து போடுங்கள். சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணுக்கு ஒன்று, புது எண்ணுக்கு ஒன்று. 45/2 பின்னால் 45/2ஏ, 45/2பி என்று பிரிந்திருந்தால், புது எண்ணில் மட்டும் தேடுகிறவருக்குப் பழைய அடமானம் கண்ணில் படாது. பதியாத உயில், நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு, குடியிருப்பவர் உரிமை இதெல்லாம் வில்லங்கத்தில் தெரியாமலே இருக்கும்.

சக்குபந்தி:

மேலே சொன்னதைக் கண்டுபிடிப்பது வக்கீல் வேலை. பத்திர எழுத்தர் வேலை வேறு: கொடுத்த விவரத்தைப் பிசகில்லாமல் பத்திரமாக்கிப் பதிவுக்குக் கொண்டுபோவது. நல்ல எழுத்தர் பெரிய உதவி, அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் உரிமையை ஆராய அவருக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

வக்கீலைத் தேடும்போது சிவில் பக்கம், அதிலும் பாகப்பிரிவினை, உரிமை வழக்கு நடத்துபவராகப் பாருங்கள். பத்திரம் எங்கே உடையும் என்று அவர்களுக்குத்தான் கை பழகியிருக்கும். தரகரோ விற்பவரோ கூட்டிவரும் வக்கீல் வேண்டவே வேண்டாம். ஒரே வக்கீல் இரண்டு பக்கமும் பார்ப்பதும் கூடாது. கடன் வாங்கினால் வங்கியின் வக்கீல் பார்ப்பாரே என்று விட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பது வங்கிப் பணத்துக்கு ஆபத்து உண்டா என்றுதான். வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி, அதனால் இணையத்தில் நட்சத்திர மதிப்பீடு பார்த்துத் தேர்ந்தெடுப்பது பயன்படாது. அதே பகுதியில் சமீபத்தில் மனை வாங்கியவர்களிடம் விசாரியுங்கள்.

முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியது: மனையின் உரிமை பற்றிய கருத்துரையை எழுத்தில் தருவீர்களா, அதில் பார்த்த ஆவணங்களின் பட்டியல், வில்லங்கக் காலம், இன்னும் வர வேண்டிய ஆவணம் எல்லாம் இருக்குமா? தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேடும் (சர்வே எண்வாரி நிலக் கணக்கு) புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) பார்ப்பீர்களா? விற்பவர் குடும்பத்தார் பெயர்களில் வழக்குத் தேடுவீர்களா? வரைவை நீங்களே எழுதுவீர்களா, இளையவர் எழுதுவாரா? கட்டணத்தை ஒரே தொகையாகப் பேசுங்கள். கருத்துரை, வரைவு, பதிவன்று வருவது எதெல்லாம் அதில் அடக்கம் என்று தெளிவாக. சொத்து மதிப்பில் சதவீதம் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 20 லட்சம் மனைக்கும் 60 லட்சம் மனைக்கும் படிக்கும் தாள் ஒன்றுதான். "பத்திரம் நல்லாத்தான் இருக்கு" என்று வாயால் சொல்லி அனுப்புகிறவரிடம் போகவே வேண்டாம்.

செம்மண்டலத்தான்:

மிக்க நன்றி ஐயா. இன்று கேட்டதில் இன்னொன்று தெரிந்தது. 1988 அசல் பத்திரம் 2015 வெள்ளத்தில் போய்விட்டதாம், நகல்தான் இருக்கிறதாம். இது சரியா?

கெடிலக்கரை:

உண்மையாக இருக்கலாம். அந்த வெள்ளத்தில் இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீட்டில் பீரோவோடு போனது. ஆனால் அசலை ஒரு பைனான்ஸ்காரரிடம் கொடுத்துக் கடன் வாங்கியவரும் இதையே சொல்வார். கைமாற்றாகக் கொடுத்த அசல் எந்த வில்லங்கத்திலும் வராது. போலீஸில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்கச் சொல்லுங்கள். பத்திர எண், வருடம், சர்வே எண் போட்டு, ஆட்சேபம் இருந்தால் உங்கள் வக்கீலுக்குத் தெரிவிக்கும்படி நாளிதழ் அறிவிப்பும் வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுங்கள். வங்கி அடமானம் இருக்கிறதா என்று, அவற்றைப் பதியும் மத்தியப் பதிவகமான செர்சாய் (CERSAI) தளத்திலும் தேடலாம். பத்து வருடமாகப் புகாரே கொடுக்காமல், வாங்க ஆள் வந்த பிறகு கொடுக்கிறார்கள் என்றால் விசாரணையைக் கூட்டுங்கள்.

பாகூர் ஏரி:

கடலூர்-புதுச்சேரி எல்லைப் பக்கம் மனை தேடுகிறவர்களுக்காக ஒன்று. ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, முள்ளோடையும் கன்னியக்கோயிலும் புதுச்சேரி. தரகர் "கடலூர் ரோட்டு மேலே" என்பார், எந்த மாநிலம் என்று சொல்ல மாட்டார். புதுச்சேரி மனைக்கு தமிழ்நாடு பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கம் போட்டால் எதுவும் கிடைக்காது. கட்டணமும் மனை அனுமதியும் வேறு. பழைய பத்திரங்கள் பிரெஞ்சில் இருக்கலாம், அதைப் படித்துப் பழகிய வக்கீலாக வேண்டும். வாரிசு பிரான்சில் இருந்தால் அங்கே எழுதிய பவர் பத்திரம் (தனக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம்) இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியிருக்க வேண்டும். தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் பார் கவுன்சில் ஒன்றே. அதற்காக கடலூர் வக்கீல் எல்லோருக்கும் புதுச்சேரி நடைமுறை பழக்கம் என்று நினைக்காதீர்கள்.

சக்குபந்தி:

எல்லாம் கூடிவந்தால், விற்பனை ஒப்பந்தத்தையும் பதிந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் அது கட்டாயம். வில்லங்கத்தில் ஏறிவிடுவதால் இன்னொருவருக்கு விற்கவும் தயங்குவார்கள். நீதிமன்ற அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும்.

கிரையத்துக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%; அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, விலை இரண்டில் எது கூடுதலோ அதன்மேல். 20 லட்சத்துக்கு 1,40,000 + 40,000. ரொக்கமாக 20,000 அல்லது அதற்கு மேல் கொடுக்கக்கூடாது. வங்கி வழியாகப் போன ஒவ்வொரு தொகையும் தேதியோடு பத்திரத்தில் ஏற வேண்டும்.

வரைவை முந்தின நாளே வாங்கி, டேப்போடு மனைக்குப் போங்கள். "கிழமேல் வடபுறம் ஜாதியடி 30, தென்புறம் 30, தென்வடல் கீழ்புறம் 40, மேல்புறம் 40" என்று இருப்பதை (கிழமேல் என்றால் கிழக்கு மேற்காக, தென்வடல் என்றால் தெற்கு வடக்காக) நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். வடக்கே "20 அடி பொதுவழி" என்று எழுதியிருந்தால் அது 1988 பத்திரத்திலும் அதே அகலமா, புலப்படத்தில் வழியாகவே காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு அடிபடுவது இங்கேதான். பிறகு திருத்தல் பத்திரம் போட வேண்டுமென்றால் அக்கா, அம்மா எல்லோரும் மறுபடி வந்து கையெழுத்திட வேண்டும்.

1988ல் பிரித்த மனை அங்கீகாரம் இல்லாததாக இருக்கலாம். 20.10.2016க்கு முன்பே மனையாகப் பதிவானது என்பதால் மறுகிரையம் பதியலாம். வீடு கட்ட அனுமதிக்குப் போனால் அங்கீகாரமில்லாத மனையை முறைப்படுத்திய வரன்முறை ஆணை கேட்பார்கள், வங்கியும் கேட்கும். உட்பிரிவு தேவையென்றால் அதற்கான கட்டணத்தைப் பதிவின்போதே கட்டிவிடுங்கள். சர்வேயர் அளக்க வரும் நாளில் பக்கத்து மனைக்காரரும் இருந்தால் கல் நடுவது அன்றே முடிந்துவிடும்.