ஒரே வீட் (Vite) பில்டு, ரெண்டு ஊர்: ஏபிஐ முகவரி மாறவே மாட்டேங்குது

புதுச்சேரி நெல்லித்தோப்புல ஒரு மொத்த மீன் வியாபாரிக்கு பில்லிங் ஆப் செஞ்சு கொடுத்திருக்கேன். அங்க நல்லா ஓடுது. அதே டாக்கர் இமேஜை (ஆப்பை மொத்தமா கட்டி வச்ச பொதி) கடலூர் முதுநகர் கிளையில ஏத்தினா, பில் எல்லாம் புதுச்சேரி சர்வருக்கே போகுது. அங்க வஞ்சிரம் எடை போட்டா இங்க ஸ்டாக் குறையுது! போன வாரத்துல இருந்து இதே கூத்துதான்.

பயன்படுத்தறது: வீட் 5 (ஆப் கோடை பில்டு பண்ற டூல்), ரியாக்ட், நோட் 20, என்ஜின்எக்ஸ் வெப் சர்வர்.

ஏபிஐ முகவரியை (ஆப் பில்லை அனுப்பற சர்வர் முகவரி) ஒரு என்வ் வேரியபிள்ல வச்சிருக்கேன்; அதோட பேருக்கு முன்னாடி 'விஐடிஇ_' (VITE_) இருக்கு, டெவ் சர்வர்லயும் சரியா வருது. இமேஜை கன்டெய்னரா ஓட்டற 'டாக்கர் ரன்' கமாண்டுல கடலூர் முகவரியைக் கொடுத்தேன், அசையல. பில்டு முடிஞ்சு வர்ற டிஸ்ட் ஃபோல்டர்ல இருக்கற ஜேஎஸ் ஃபைலைத் திறந்து பார்த்தா, புதுச்சேரி முகவரி அப்படியே எழுதியிருக்கு. பில்டு நேரத்துலயே வீட் அதைப் பதிச்சிடுது, அப்புறம் கன்டெய்னர் சொல்றது எதுவும் ஏறாது. ஊருக்கொரு என்வ் ஃபைல் வச்சு, மோட் கொடுத்து பில்டு பண்ணா வேலை செய்யுது. ஆனா இமேஜும் ஊருக்கொண்ணு ஆகுது. காரைக்கால் கிளை வேற வரப்போகுது, கட்டுப்படியாகாது. பப்ளிக் ஃபோல்டர்ல தனியா ஒரு கான்ஃபிக் ஃபைல் வச்சேன், பிரவுசர் கேஷ்ல இருந்து பழசையே எடுக்குது.

இமேஜ் ஒண்ணே ஒண்ணு, கன்டெய்னர் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் ஏபிஐ முகவரி மாறணும்: புரொடக்‌ஷன்ல இதை நீங்க எப்படிச் செய்யறீங்க?