ட்ரைகிளிசரைட் 310: மாத்திரையைத் தொடங்கலாமா, உணவால் குறைக்கலாமா?

கேள்வி: உவர்மலை வாசி

எனக்கு வயது 57. திருகோணமலையில் அலுவலக வேலை. கடந்த மாத இரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரோல் 248, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரோல்) 36, ட்ரைகிளிசரைட் (இரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 310, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரோல்) 150 என்று வந்துள்ளது (டெசிலீற்றருக்கு மில்லிகிராமில்). பிரஷருக்கு மருந்து எடுக்கிறேன். இறைச்சியை விட்டுவிட்டேன், தேங்காய்ப்பாலைக் குறைத்துவிட்டேன், பிளேன்டீக்கும் சீனி போடாமல் பனங்கட்டியைத்தான் கடிக்கிறேன். அப்படியிருந்தும் கொழுப்பு ஏறியது ஏன்? வைத்தியர் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் அற்றோவாஸ்டட்டின் மாத்திரை 20 மில்லிகிராம் எழுதித் தந்திருக்கிறார். ஈரல் பழுதாகும், தொடங்கினால் விட முடியாது என்று உடன் வேலை செய்பவர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: முன்னாள் ஆய்வுகூட ஊழியர்

ஐயா, உங்கள் எல்.டி.எல். கணக்குப் போட்டுப் பெறப்பட்டது போலத் தெரிகிறது. ட்ரைகிளிசரைட்டை 5ஆல் வகுத்தால் 62, அதையும் எச்.டி.எல். 36ஐயும் 248இலிருந்து கழித்தால் சரியாக 150 வருகிறது. ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கை நம்ப முடியாது. உங்களுக்கு அது பிரச்சினையில்லை. ஆனால் இரவு எட்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு அதிகாலையிலேயே இரத்தம் கொடுத்திருந்தால் 310 என்பது சற்றுக் கூடித் தெரியக்கூடும்.

இனி உணவுக்கு வருவோம். தேங்காயில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு முக்கியமாக எல்.டி.எல்.ஐ உயர்த்துவது, ஆகவே அதைக் குறைத்தது நல்லதே. ட்ரைகிளிசரைட்டோ மிஞ்சிய மாச்சத்தையும் இனிப்பையும் ஈரல் கொழுப்பாக மாற்றுவதால் ஏறுவது. மத்தியானம் கோப்பை நிறையச் சோறும், இரவில் பத்துப் பன்னிரண்டு இடியப்பமும், இடையிடையே பனங்கட்டியும் என்றால் இறைச்சியை விட்டும் அது இறங்காது. பனங்கட்டியிலும் பெரும்பகுதி சீனிதான். மதுப் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள்: ட்ரைகிளிசரைட் 500ஐத் தாண்டினால் கணைய அழற்சிக்கும் வழி திறக்கும்.

பதில்: மருந்தாளர்

மாத்திரையின் முதல் வேலை எல்.டி.எல்.ஐக் குறைத்து மாரடைப்பு, பாரிசவாத அபாயத்தைத் தணிப்பது. ட்ரைகிளிசரைட் ஓரளவே இறங்கும். சிலருக்கு ஈரல் நொதிகள் சிறிது உயர்வதுண்டு, ஆனால் பாரதூரமான ஈரல் பாதிப்பு மிக அரிது. தொடங்குமுன் ஈரல் பரிசோதனை ஒன்று எடுத்து வையுங்கள். இது பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்தன்று. அடுத்த அறிக்கை நன்றாக வந்தால் அது மாத்திரை வேலை செய்வதால்தான் என்பதை மறந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள், அளவும் பழையபடி ஏறிவிடுகிறது. காரணமின்றித் தசை கடுமையாக வலித்தாலோ, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ தாமதியாமல் வைத்தியரிடம் செல்லுங்கள். வேறு நோய்க்குக் கிளாரித்ரோமைசின் (நுண்ணுயிர்க்கொல்லி) போன்ற மருந்து எழுதப்பட்டால், இந்த மாத்திரையை எடுப்பதைச் சொல்லிவிடுங்கள்.

பதில்: நிலாவெளி அக்கா

தம்பி, எனக்கு மாதவிடாய் நின்றபின் கொலஸ்ட்ரோல் ஏறியது. வயதுதான் காரணம் என்று இருந்தேன். தைரொயிட் சுரப்புக் குறைவென்று பிறகு தெரிந்து, அதற்கு மருந்து எடுத்ததும் பாதி இறங்கிவிட்டது. தைரொயிட்டையும் வெறும் வயிற்றுச் சீனியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

உவர்மலை வாசி

மிக்க நன்றி. இரண்டும் இதுவரை பார்க்கவில்லை. மீன் சாப்பிடலாமா?

முன்னாள் ஆய்வுகூட ஊழியர்

தாராளமாக. சூடை, சாளை போன்ற எண்ணெய் மீன்களைக் குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். கருவாட்டின் உப்பு உங்கள் பிரஷருக்கு ஆகாது. மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில், 12 மணிநேரம் தண்ணீர் மட்டும் குடித்திருந்து, அதே ஆய்வுகூடத்திலேயே மறுபடி இரத்தம் கொடுங்கள்.