தொண்டு நிதிக்கான கிறிஸ்துமஸ் மரமும் நாம் செய்து கொடுத்த மரத்தொங்கல்களும்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

முதல் பதிவு

எங்கள் குழுவுக்குக் கிடைத்த கருப்பொருள் பறவைகள். அலங்கரித்த மரத்தை அப்படியே ஏலம் விட்டு, வரும் தொகையை நற்பணிக்குக் கொடுப்பார்கள் என்பது இங்குள்ள அனைவருக்கும் தெரியும். வைரம் பாய்ந்த பலகையில், 12 மில்லிமீட்டர் கனத்தில் 40 பறவைகளை அறுத்தெடுத்து, கழுத்து வளைவில் விரல் வழுக்கிச் செல்லும்வரை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தேன். திறப்பு விழா மாலையில் போய்ப் பார்த்தால் மரத்தில் பத்துப் பன்னிரண்டு பறவைகளே இருந்தன. எஞ்சியவை மரத்தடியில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தன. பாரம் தாங்காமல் கிளைநுனிகள் தொங்கிவிட்டனவாம். யாரும் என்னைக் குறைசொல்லவில்லை. ஆனால், பெட்டி என் கண்ணில் படக்கூடாது என்று அதன்மேல் ஒரு துணியைச் சுருக்கமில்லாமல் போர்த்தியிருந்தார்களே, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

மறுமொழி 1

உங்கள் பறவைகளாவது முழுதாக இருந்தன. நான் பச்சைக் கிளையைக் குறுக்கே வட்டவட்டமாக அறுத்து, மறைந்தவர்களின் நினைவாக நன்கொடை அளித்தோர் தந்த பெயர்களை அவற்றில் சுட்டெழுதினேன். வெப்பமூட்டிய அரங்கில் இரண்டே நாள்தான் தொங்கின. தன் தாயின் பெயரைத் தேடி வந்த ஒரு பெண், வட்டத்தைக் கையிலெடுத்துத் திருப்பினார். விளிம்பிலிருந்து நடுவரை ஓடிய வெடிப்பு அந்தப் பெயரின் இரண்டாம் எழுத்தைச் சரியாகப் பிளந்திருந்தது. அவர் கட்டைவிரலால் அந்த இடைவெளியை அழுத்தி மூடிப் பார்த்தார். விரலை எடுத்ததும் அது மறுபடியும் திறந்துகொண்டது.

மறுமொழி 2

ஆளிவிதை எண்ணெய் பூசிய துணிகளைச் சுருட்டி வாளியில் போட்டுவிட்டு உணவருந்தப் போனேன், திரும்பியபோது வாளி புகைந்துகொண்டிருந்தது. என் அனுபவம் அவ்வளவே. அத்தகைய துணி தானாகவே சூடேறித் தீப்பற்றும் என்பதால் விரித்துப் போட்டுத்தான் உலர்த்த வேண்டும். முதல் பதிவருக்கு: பாரத்தைக் கூட்டுவது எண்ணிக்கை மட்டுமன்று, பலகையின் தடிமனும்தான். ஒட்டுப்பலகையில் 3 மில்லிமீட்டர் போதும். அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் மெல்லிய அலகும் எளிதில் முறியாது. அடுத்தவருக்கு: மரம் உலரும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருங்கும் அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே முழு வட்டம் எங்கேனும் வெடிக்கத்தான் பார்க்கும். விளிம்பிலிருந்து நடுவரை முன்கூட்டியே ஒரு வெட்டுப் போட்டுவைத்தால் மரம் சுருங்கும்போது பெரும்பாலும் அந்த வெட்டே விரிந்துகொடுக்கும். பெயரை அதற்கு எதிர்ப்பக்கத்தில் எழுதலாம். அவசரம் இல்லாவிட்டால் முதலில் நிழலில் மெதுவாக உலர்த்தி, வெடித்தவற்றைக் கழித்த பிறகே எழுதத் தொடங்குங்கள்.

மறுமொழி 3

ஒட்டுப்பலகையைப் பற்றி மேலே சொன்னதை நான் ஏற்கவில்லை. அதன் விளிம்பில் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். அதை மறைக்க வண்ணம் பூசினால், மரத்தில் செய்ததன் அழகே போய்விடுகிறது. இழையோட்டம் அலகின் நீளவாக்கில் அமையுமாறு பறவையை வரைந்துகொண்டால் திண்மரமே போதும். நான் அதைக் கவனியாமல் குறுக்காக வரைந்திருந்தேன். கொக்கியில் மாட்டும்போதே அலகு ‘டக்’கென்று முறிந்து, அருகில் நின்ற சிறுவனின் காலணிக்குள் விழுந்தது. அவன் அதை எடுத்துத் தரவில்லை, தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அலகில்லாத அந்தப் பறவையைச் சுவர்ப் பக்கம் திருப்பித் தொங்கவிட்டுவிட்டு, ஏலம் முடியும்வரை அதன் முன்னாலேயே நின்றிருந்தேன்.

மறுமொழி 4 (மறுமொழி 1 எழுதியவர்)

விளிம்பில் வெட்டுப் போடும் முறை எனக்கும் தெரியும், இப்போது அப்படித்தான் செய்கிறேன். அந்தப் பெண் விரலை எடுத்த பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். எதிரில் நின்ற நான், வேறொரு வட்டத்தில் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லி, அதையே மீண்டும் கிளையில் மாட்டிவிட்டுப் போனார். நான் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே யாரும் எழுதவில்லை.